பெங்களூரு வளாகத்துக்கு அவசரகாலத் திட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பெங்களூருவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். சொந்த ஊர் திருப்பத்தூர். எங்கள் வளாகத்தில் ஏறக்குறைய 6,000 மாணவர்கள், நான்கு விடுதிகள். அவசரகாலக் குழுவில் என்னைப் போட்டு, ஆய்வுக்கு ஆள் வருவதற்குள் ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். 80 பக்க மாதிரி ஒன்று கையில் இருக்கிறது. அதையே திருத்தி எழுதலாமா, வேறு எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமா?

பதில்: அந்த 80 பக்கத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். இந்த ஊருக்குத் தீப்பாதுகாப்பு வேலைக்கு வந்து எனக்கு 22 வருடம் ஆகிறது. அதில் பாதிக் காலம் கல்லூரி வளாகங்களில்தான் போயிருக்கிறது. ஒரு வளாகத்தின் திட்டத்தில் சுனாமிக்கென்று முழு அத்தியாயமே இருந்தது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். கடலோர ஊர்க் கல்லூரி ஒன்றின் கோப்பைப் பெயர் மட்டும் மாற்றி எடுத்திருந்தார்கள். அதே கோப்பில் மெஸ்ஸின் காஸ் அறையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

வார்டனிடம் சொல்லிவிட்டு, இந்த வாரத்தில் ஒருநாள் இரவு 1 மணிக்கு மேல் பெண்கள் விடுதிக்குப் போங்கள். வாசலில் இருக்கும் காவலாளியிடம் நாலு விஷயம் கேளுங்கள். இரண்டாவது படிக்கட்டின் சாவி எங்கே? தீப்பிடித்தால் முதலில் யாருக்கு போன் செய்வீர்கள்? மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது? இன்று ராத்திரி உள்ளே எத்தனை பேர் தூங்குகிறார்கள்? எதற்கெல்லாம் பதில் வரவில்லையோ, அங்கிருந்து எழுத ஆரம்பியுங்கள்.

ஏன் காவலாளி என்றால், முதல் பத்து நிமிடம் அவர் கையில்தான் இருக்கிறது. தீயணைப்பு வண்டி வந்து சேரும் வரை, ஆம்புலன்ஸ் சில்க் போர்டு மாதிரி நெரிசலான ஒரு சந்திப்பைத் தாண்டி வரும் வரை, அங்கே நிற்பவர் காவலாளி, மெஸ் அண்ணா, பக்கத்து அறை மாணவி, அவ்வளவுதான். துணைவேந்தர், பதிவாளர், டீன் எல்லாரும் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள். ஆனால் நான் பார்த்த திட்டங்கள் எல்லாமே அவர்களுக்காகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

சாவி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் மனதை விட்டுப் போகாத விஷயம் அது. ஒரு விடுதியில் நடுராத்திரி ஒத்திகை வைத்தோம். நாலு மாடி, இரண்டு படிக்கட்டு. பின்பக்கப் படிக்கட்டின் கீழ்க் கதவில் பூட்டு. காவலாளி ஒடிசாவிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சாவி வார்டன் அம்மாவிடம் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். வார்டன் அம்மாவின் வீடோ வளாகத்தின் மறுகோடியில். அவர் தூக்கக் கலக்கத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். சாவிக்கொத்தில் முப்பது சாவி இருக்கும், ஒன்றிலும் எழுத்து இல்லை. கை நடுங்க ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கதவு திறந்தபோது என் கடிகாரத்தில் 19 நிமிடம் ஓடியிருந்தது. உள்ளே நிஜப் புகை இல்லாததால் பெண்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூட்டின் விலை இந்த ஊருக்குத் தெரியும். 2010 பிப்ரவரி 23 அன்று பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ் தீப்பிடித்தபோது 9 பேர் இறந்தார்கள். புகையில் மூச்சுத் திணறியும், தாங்க முடியாமல் ஜன்னலிலிருந்து குதித்தும் போன உயிர்கள் அவை. நம் தமிழ்நாட்டில் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போனார்கள். அதை நான் விளக்க வேண்டியதில்லை. தீ விபத்தில் முதலில் ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் புகை. அது படிக்கட்டு வழியாக மேலே ஏறும். படிக்கட்டுக் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அதில் ஸ்பிரிங் வைக்கிறார்கள். காற்று வரட்டும் என்று அதற்குச் செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருப்பதை எல்லா விடுதியிலும் பார்க்கலாம். அந்தச் செங்கல்லை எடுப்பது உங்கள் திட்டத்தின் செலவில்லாத முதல் வேலை.

ஆனால் பூட்டுக்கும் ஒரு காரணம் உண்டு. 2005 டிசம்பர் 28 மாலை இந்திய அறிவியல் கழக வளாகத்தில் மாநாடு முடிந்து வெளியே வந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. டெல்லி ஐஐடியின் ஓய்வுபெற்ற பேராசிரியர் எம்.சி. புரி இறந்தார். வெளியாள் நுழைவதைத் தடுக்க வேண்டும் என்பது நியாயமான கவலை. பெண்கள் விடுதியில் பெற்றோரின் கவலையும் சேர்ந்துகொள்ளும். அதனால் ‘பூட்டாதீர்கள்’ என்று மட்டும் எழுதினால் உங்கள் குழுவில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்க முடியாத கதவு இருக்கிறது. இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி; அதைத் தள்ளினால் போதும். திறந்தவுடன் அலாரம் அடிக்கும்படி வைத்தால், ராத்திரி யாராவது நழுவினாலும் தெரிந்துவிடும். பாதுகாப்பு அதிகாரிக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. நான் சொன்ன விடுதியில் அதைத்தான் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ஒத்திகை வைத்தபோது 6 நிமிடத்தில் எல்லாரும் வெளியே நின்றார்கள். ஜன்னல் கம்பிகளையும் பாருங்கள். ஒவ்வொரு மாடியிலும் ஓர் ஜன்னலாவது உள்ளிருந்து திறக்கும் கீல் வைத்த கம்பியாக இருக்க வேண்டும்.

அப்புறம் வண்டி வரும் வழி. உங்கள் வளாகத்து முகப்பில் பெயர் எழுதிய வளைவு இருக்கும். அதன் உயரத்தை அளந்து பாருங்கள். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போய், அவர்களின் பெரிய வண்டி அதில் நுழையுமா என்று கேளுங்கள். இன்னும் நல்லது, ஒருநாள் வண்டியையே வரச் சொல்லுங்கள். எழுதிக் கேட்டால் பெரும்பாலும் வருவார்கள், ஒத்திகையும் காட்டுவார்கள். திருப்பத்தில் நிற்கும் பைக்குகள், தாழ்ந்து தொங்கும் மரக்கிளை, யாரோ நட்டு வைத்த இரும்புக் கம்பம் எல்லாம் அன்றைக்குத்தான் கண்ணில் படும்.

கட்டடங்களின் பெயரையும் பாருங்கள். விஞ்ஞானிகள் பெயரை வைத்திருப்பீர்கள், நல்லதுதான். ஆனால் மாணவர்கள் ‘புது பிளாக்’ என்பார்கள், காவலாளி ‘கேன்டீன் பின்னாடி’ என்பார், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கூகுள் மேப் காட்டுகிற வாசலில் வந்து நிற்பார். ஒரு மாணவனுக்கு வலிப்பு வந்து, ஆம்புலன்ஸ் 1ஆம் வாசலில் நிற்க, ஆட்கள் 4ஆம் வாசலில் காத்துக்கொண்டிருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆள் உயரத்தில் ஓர் எண் எழுதுங்கள். 108க்கோ 112க்கோ போன் செய்பவர் வாசல் எண்ணையும் கட்டட எண்ணையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும். வாசலில் இருப்பவர் பைக்கில் முன்னால் போய் வழிகாட்ட வேண்டும். இதை ஒரு வரியாக எழுதி போன் பக்கத்தில் ஒட்டினால் போதும்.

ஆய்வகங்கள் பெரிய விஷயம். 2018 டிசம்பர் 5 அன்று இதே ஊரில், இந்திய அறிவியல் கழகத்தின் ஹைப்பர்சானிக் ஆய்வகத்தில் நடந்த வெடிவிபத்தில் ஒரு ஆராய்ச்சியாளர் இறந்தார், மூன்று பேர் காயமடைந்தார்கள். ஹைட்ரஜன் சிலிண்டர் வெடித்ததாகச் சொல்லப்பட்டது. நாட்டின் தலைசிறந்த நிறுவனத்திலேயே நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். ஹைட்ரஜன் காற்றைவிட மிக லேசானது, கசிந்தால் கூரைக்குப் போய்த் தேங்கும். அதன் சுடரோ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்றே சொல்லலாம். சமையல் காஸ் இதற்கு நேரெதிர், கனமானது, தரையோடு தரையாகப் படரும். ஆகவே ஹைட்ரஜனுக்கான சென்ஸார் மேலே, சமையல் காஸுக்கான சென்ஸார் கீழே. இதை மாற்றி மாட்டியிருந்த இடத்தையும் பார்த்திருக்கிறேன். சிலிண்டர்களைச் சுவரோடு சங்கிலியால் கட்டுங்கள். காலியும் நிறைந்ததும் தனித்தனியாக இருக்கட்டும். முடிந்தால் எல்லாவற்றையும் கட்டடத்துக்கு வெளியே வைத்துக் குழாயில் உள்ளே கொண்டு வாருங்கள்.

ஒவ்வொரு ஆய்வகக் கதவிலும் ஒரு தாள் ஒட்டுங்கள்: உள்ளே என்ன இருக்கிறது, தண்ணீர் ஊற்றக் கூடாத பொருள் இருக்கிறதா, யாரை அழைப்பது. சோடியத்தின் மேல் தண்ணீர் பட்டால் தீப்பற்றி வெடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தீயணைப்பு வீரர் குழாயைத் திருப்புமுன் அவருக்கும் தெரிய வேண்டும். ராத்திரி தனியாக ஒருவர் மட்டும் ஆய்வகத்தில் வேலை செய்யக் கூடாது என்பதைக் கட்டாய விதியாக்குங்கள். ஆராய்ச்சி மாணவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

வேலை முடிந்த பொருட்களும் திட்டத்தில் வர வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்பாட்டில் இல்லாத ஒரு காமா கதிர்வீச்சுக் கருவியை 2010இல் பழைய இரும்போடு சேர்த்து ஏலம் விட்டுவிட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்த தொழிலாளிகள் கதிர்வீச்சுக்கு ஆளாகி, ஒருவர் இறந்தே போனார். ஆசிரியர் ஓய்வு பெற்றபின் அவரின் அலமாரியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போவது உங்கள் துறையிலும் நடக்கும். வருடம் ஒருமுறை அலமாரியைத் திறந்து பட்டியல் எடுக்க வேண்டும்.

மெஸ்ஸுக்கு வருகிறேன். மெஸ் அண்ணாக்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்கள் பலர் இருப்பார்கள். நீங்கள் தமிழில் உட்கார்ந்து பேசினாலே பாதி வேலை முடிந்தது. காஸ் நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம். மெயின் வால்வை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எல்லாரையும் வெளியே அனுப்புங்கள். மெயின் வால்வு எது என்பதைச் சிவப்புப் பெயின்ட் அடித்துக் காட்டுங்கள். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பை அணைத்து மூடிபோட்டு மூட வேண்டும். ஆளுக்கு ஒருமுறை தீயணைப்பானைக் கையில் கொடுத்து அடிக்கவிடுங்கள். ஒரு 6 கிலோ பவுடர் சிலிண்டர் சில நொடிகளில் தீர்ந்துவிடும் என்பது அடித்துப் பார்த்தால்தான் புரியும். காகிதக் கூடை அளவுத் தீக்குத்தான் அது. அதைத் தாண்டினால் ஆள் வெளியேறுவதுதான் சரி.

கல்லூரி விழாவைத் திட்டத்தில் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இசை நிகழ்ச்சிக்குமுன் மழை வந்து, வெளியே நின்ற கூட்டம் படிக்கட்டு வழியாக உள்ளே பாய்ந்ததில் 4 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 4 அன்று நம் சின்னசாமி மைதான வாசலில் 11 பேர். இரண்டிலும் நெரிசல் வாசலில்தான். உள்ளே எத்தனை பேர் கொள்ளும் என்று மட்டும் கணக்குப் போடாமல், மழை வந்தால் வெளியே நிற்பவர்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்றும் யோசியுங்கள். நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் மேடை மைக்குக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மழைக்கு இந்த ஊர் எப்படி ஆகும் என்பதை 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் டிராக்டரில் ஆபீஸ் போனவர்களைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். ஜெனரேட்டரும் மின்பலகையும் அடித்தளத்தில் இருந்தால் தண்ணீர் முதலில் அங்கேதான் போகும், உங்கள் அலாரமும் ஒலிபெருக்கியும் அதோடு போய்விடும். ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் மரம் விழும். தேன்கூடு உயரமான கட்டடங்களில் தொங்கும், அதைக் கல்லெறிந்து கலைக்கக் கூடாது. பாம்பு கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், கடிபட்டவரை அசையவிடாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேரே கொண்டு போக வேண்டும். எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை இப்போதே போன் செய்து கேட்டு எழுதி வையுங்கள். (அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் நம் சென்னைக்குப் பக்கத்து இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள். இங்கே யாரிடம் சொன்னாலும் வியப்பாகக் கேட்கிறார்கள்.)

திடீரென்று மயங்கி விழுந்து மூச்சும் நின்று போனால், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்த ஆள் வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம். ஒரு மதியத்தில் நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். விளையாட்டு ஆசிரியர், காவலாளிகள், பஸ் ஓட்டுநர்கள் முதலில். இதய அதிர்வுக் கருவி ஒன்று வாங்கினால் அதை முதல்வர் அறையில் பூட்டி வைக்காமல் விளையாட்டு மைதானத்துப் பக்கம் வையுங்கள்.

மனம் உடைந்து நிற்கும் மாணவரும் அவசரநிலைதான். 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண் 2022 முதல் இருக்கிறது, தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அந்த எண் விடுதி அறைக் கதவின் உட்புறம் இருக்கட்டும். அப்படி ஒரு மாணவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அவரைத் தனியாக விடக் கூடாது, யார் கூட இருப்பது என்பதையும் வார்டன்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.

அடுத்து, முடிவெடுப்பது யார்? இதில்தான் நிறைய நேரம் வீணாகிறது. அலாரம் அடித்தவுடன் காவலாளி மேற்பார்வையாளருக்கு, அவர் பாதுகாப்பு அதிகாரிக்கு, அவர் பதிவாளருக்கு. பதிவாளர் போனை எடுக்கவில்லை. துணைவேந்தர் கையெழுத்தோடு ஒரு பக்கச் சுற்றறிக்கை வாங்குங்கள்: இடத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லலாம், பொய் அலாரமாகிப் போனாலும் அவர் மேல் நடவடிக்கை இல்லை. மாதம் சில ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்கு நிற்கும் காவலாளி, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டு நிமிடம் தயங்கினால், அந்த இரண்டு நிமிடத்தைத் திரும்ப வாங்க முடியாது. இந்தக் காகிதத்தை வாங்கித் தந்துவிட்டால், நீங்கள் குழுவில் இருந்ததற்கு அதுவே போதும் என்பேன்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, வெடிகுண்டு மிரட்டல். 2023 டிசம்பர் 1 அன்று பெங்களூருவில் 40க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு ஒரே காலையில் மின்னஞ்சல் வந்தது, எல்லாமே புரளி. அந்த மாதிரி மிரட்டலில் 112க்குச் சொல்லிவிட்டு, எப்படிக் காலி செய்வது, எங்கே நிறுத்துவது என்பதைப் போலீஸ் சொல்கிறபடி செய்யுங்கள். சந்தேகப்படும் பொருளை யாரும் தொட வேண்டாம். எல்லாரையும் வாகன நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டாம்.

செய்தி அனுப்புவதற்கு வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பாதீர்கள். ராத்திரியில் பாதிப் பேர் அதை மௌனத்தில் போட்டிருப்பார்கள். சைரன், கையில் பிடிக்கும் மெகாபோன், அறை அறையாகக் கதவைத் தட்டுவதற்கு மாடிக்கு இரண்டு மாணவர்கள். செய்தியையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்: ‘3ஆம் கட்டடத்தில் தீ. லிஃப்ட் வேண்டாம். படிக்கட்டில் இறங்கி மைதானத்துக்கு வாருங்கள்.’ இதே மூன்று வரி கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வேண்டும். உங்கள் காவலாளி அஸ்ஸாம்காரராகவோ நேபாளியாகவோ இருந்தால் அவரை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். காது கேளாத மாணவர்கள் இருந்தால் அறையில் மின்னும் விளக்கு வேண்டும். சக்கர நாற்காலி மாணவருக்கு முடிந்தவரை தரைத்தளத்திலேயே அறை கொடுங்கள், வகுப்பு மேல் மாடியில் என்றால் கூட இறங்கும் இருவரை முன்பே பேசி வையுங்கள். கால் முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருப்பவரும் இதில் சேர்த்தி.

வெளியே வந்தபின் எண்ணிப் பார்க்கப் பட்டியல் வேண்டும். கைரேகை வருகைப் பதிவு அதே கட்டடத்துக் கணினியில் இருந்தால் பயனில்லை. தினம் ராத்திரி 10 மணிக்கு ஒரு தாளில் அச்சடித்து வாசல் காவலாளியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து போன் மழை கொட்டும், அதற்கென்று ஒரு எண்ணும் இரண்டு ஆட்களும் தனியாக இருக்கட்டும். வார்டனின் போன் ஓய்வாக இருக்க வேண்டும்.

ஒத்திகையை வெயில் நல்ல காலை 11 மணிக்கு, முன்னறிவிப்போடு வைத்தால் எல்லாரும் டீ டம்ளரோடு இறங்கி வருவார்கள். முதல் தடவை மட்டும் அப்படி வையுங்கள், வழி தெரியட்டும். இரண்டாவது தடவை ராத்திரியில், ஒரு படிக்கட்டை ‘புகை’ என்று கயிறு கட்டி அடைத்துவிட்டு வையுங்கள். நேரத்தைக் குறியுங்கள், தடுமாறியவர் பெயரை மட்டும் குறிக்காதீர்கள். முடிந்ததும் காவலாளியோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, எது இடித்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதினால் உங்கள் திட்டத்தில் ஐந்தாறு பக்கம் வந்துவிடும். ஆய்வுக் குழுவுக்குக் காட்ட வேண்டிய 80 பக்கத்தை அதற்குப் பின்னால் இணைத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை.

எண்களைச் சரிபார்க்க மறக்காதீர்கள். பெங்களூரு மாநகராட்சி 2025இல் ஐந்தாகப் பிரிந்துவிட்டதால், பழைய கோப்பில் இருக்கும் வார்டு அலுவலக எண்களில் சில இப்போது எடுபடாது. ஒரு மதியம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீங்களே போன் செய்து பாருங்கள். புது மாணவர்கள் விடுதிக்கு வந்த இரண்டாவது வாரத்தில் ராத்திரி ஒத்திகையை வைத்துவிடுங்கள்.